ஓடுகிறதா, ஓடவில்லையா? லினக்ஸில் பிராசஸைத் தேடும்போது வரும் கோளாறுகளும் அவற்றைத் தீர்க்கும் வழியும்

வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றி உள்ள லாட்ஜுகளில் மூன்று, ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் யூனிட் ஒன்று, சத்துவாச்சாரியில் ஒரு ஸ்கேன் சென்டர். நான் பார்த்துக்கொள்ளும் லினக்ஸ் மெஷின்கள் இவ்வளவுதான். அங்கிருந்து வரும் போன்களில் பாதி ஒரே கேள்வி: "அண்ணா, அது ஓடுதா இல்லையா?"

கேட்க ஒரு நொடி போதும். சரியான பதில் சொல்ல அரை மணி நேரம்கூட ஆகியிருக்கிறது. காரணம், இதற்கென்று நாம் போடும் கட்டளைகள் ஒவ்வொன்றும் உண்மையில் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. ஒன்று, இந்தப் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். இன்னொன்று, இந்த எண்ணில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். நமக்கு வேண்டியதோ, நாம் கிளப்பிவிட்ட அந்த புரோகிராம் உயிரோடு இருந்து வேலையும் செய்கிறதா என்பது. அதனால் கட்டளை வாரியாகச் சொல்லாமல் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

கட்டளைகளைப் போனில் படித்துச் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன். பிஎஸ் என்றால் இரண்டு எழுத்து. கேப்பிட்டல் என்று சொல்லாததெல்லாம் சின்ன எழுத்து.

கரண்ட் போய் வந்த பிறகு: ஸ்கிரிப்ட் "ஓடுகிறது" என்கிறது, வேலை நடக்கவில்லை

இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். நானும் மாட்டியிருக்கிறேன்.

ஒரு மே மாதம், மதியம் இரண்டரை மணி. வேலூர் வெயிலில் ஏசியெல்லாம் ஒன்றாக ஓடி டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. லாட்ஜ் யுபிஎஸ் தாங்கிய வரை தாங்கி அணைந்தது. கரண்ட் வந்ததும் ரிசப்ஷன் தம்பி போன் செய்தார். "அண்ணா, கரண்ட் வந்து அரை மணி ஆச்சு, பில்லே வரலை. ரூம் காலி பண்ணிட்டு நாலு பேர் நிக்கிறாங்க, காட்பாடியில ரயில் புடிக்கணுமாம். இங்க செக் பண்ணா ஓடுதுன்னுதான் காட்டுது." நின்றவர்கள் வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்த குடும்பம். அவர்களைக் காக்க வைப்பது எனக்கு உறுத்தியது.

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்குத்தான் பிராசஸ் என்று பெயர். அந்த பில் புரோகிராம் கிளம்பும்போது தன் பிராசஸ் எண்ணை, அதாவது பிஐடியை, தன்னுடைய அடைவிலேயே 'ரசீது.பிஐடி' என்ற ஃபைலில் எழுதி வைக்கும். ஸ்டார்ட் ஸ்கிரிப்ட் அந்த ஃபைலைப் பார்த்து, உள்ளே இருக்கும் எண்ணுக்கு 'கில் -0' போடும். வெற்றி என்றால் "ஏற்கெனவே ஓடுகிறது" என்று சொல்லி வெளியே போய்விடும். கில் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வழக்கமாக அது பிராசஸுக்கு சிக்னல், அதாவது 'நில்', 'முடி' போன்ற சேதி, அனுப்பும். -0 போட்டால் எந்த சிக்னலும் போகாது. அந்த எண்ணில் ஒரு பிராசஸ் இருக்கிறதா, அதற்கு சிக்னல் அனுப்ப நமக்கு அனுமதி உண்டா என்று மட்டும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் பார்த்துச் சொல்லும்.

ஃபைலில் இருந்த எண் 1187. தம்பியை இதை டைப் செய்யச் சொன்னேன்:

பிஎஸ் -பி 1187 -ஓ பிஐடி,எல்ஸ்டார்ட்,ஆர்க்ஸ்

வந்தது கப்ஸ்டி, பிரிண்டரைக் கவனிக்கும் சர்வீஸ். நம் பில் புரோகிராம் இல்லவே இல்லை. நடந்தது இதுதான்: திடீரென்று கரண்ட் போனதால் புரோகிராமுக்குத் தன் பிஐடி ஃபைலை அழிக்க நேரமில்லை. மெஷின் மறுபடி கிளம்பும்போது பிராசஸ் எண்கள் ஒன்றிலிருந்து எண்ணப்படும். பூட் ஆகும் நேரத்தில் சர்வீஸ்கள் எல்லாம் அதே சில நூறு, ஆயிரம் எண்களுக்குள்தான் வரிசையாக உட்காரும். அதனால் பழைய எண்ணில் வேறொருவர் வந்து உட்கார்வது அபூர்வம் இல்லை, நன்றாகவே வாய்ப்புள்ள விஷயம். ஸ்கிரிப்ட் ரூட்டாக, அதாவது எல்லா உரிமையும் உள்ள யூசராக, ஓடியதால் 'கில் -0' தயங்காமல் வெற்றி சொல்லிவிட்டது.

இந்த அறிகுறி வந்தால் பார்க்க வேண்டியது இரண்டு. மேலே உள்ள பிஎஸ் கட்டளையில் பெயர் சரியா என்று பாருங்கள். அப்புறம் 'அப்டைம் -எஸ்' போட்டால் மெஷின் எப்போது கிளம்பியது என்று வரும். பிஐடி ஃபைலின் தேதி அதற்கு முந்தையது என்றால் அந்த ஃபைல் குப்பை. யோசிக்காமல் அழித்துவிட்டு புரோகிராமைக் கிளப்பலாம். அன்று அதைத்தான் செய்தோம், பில் வந்துவிட்டது.

மறுபடி வராமலிருக்க, பிஐடி ஃபைலை /ரன் அடைவுக்குள் வைக்கச் சொல்லுங்கள். இன்றைய லினக்ஸ்களில் அது மெமரியில் இருப்பது, ரீபூட் ஆனால் காலியாகிவிடும். இதைவிட நல்லது, ஒரு ஃபைலைப் பூட்டிக்கொண்டு புரோகிராமை ஓட்டும் எஃப்லாக்:

எஃப்லாக் -என் /ரன்/ரசீது.லாக் /ஆப்ட்/ரசீது/சர்வர்

பூட்டைப் பிடித்திருப்பது கெர்னல். புரோகிராம் எப்படிச் செத்தாலும், கரண்ட் போனாலும், பூட்டு தானாக விடுபடும். ஃபைல் கிடந்தாலும் பூட்டு இருக்காது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த புரோகிராம் பெற்ற குழந்தை பிராசஸ் ஏதாவது பின்னால் உயிரோடு தங்கிவிட்டால் பூட்டும் அதன் கையில் தங்கிவிடும்.

இதே 'கில் -0' எதிர்த்திசையிலும் ஏமாற்றும். ஸ்கிரிப்ட் சாதாரண யூசராக ஓடி, பிராசஸ் ரூட்டுடையதாக இருந்தால், "அனுமதி இல்லை" என்று தோல்வி வரும். அது "ஆள் இருக்கிறார், உனக்குத் தொட உரிமை இல்லை" என்று அர்த்தம். "அப்படியொரு பிராசஸ் இல்லை" என்பது வேறு செய்தி. தோல்வி என்றதும் செத்துவிட்டது என்று முடிவு கட்டும் ஸ்கிரிப்ட் இரண்டாவது பிரதியைக் கிளப்பிவிடும்.

எதைத் தேடினாலும் ஒரு வரி வருகிறது

'பிஎஸ் -இஎஃப்' போட்டு, பைப் போட்டு, 'கிரெப் என்ஜின்எக்ஸ்' என்று தேடுகிறீர்கள். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை நிறுத்திய பிறகும் ஒரு வரி வருகிறது. அந்த வரியைக் கடைசிவரை படியுங்கள். அது நீங்கள் போட்ட கிரெப்தான். தேடும் சொல் அதன் கட்டளை வரியிலேயே இருக்கிறதே!

இதற்குப் பழைய கைவைத்தியம், முதல் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடுவது: கிரெப் '[என்]ஜின்எக்ஸ்'. அடைப்புக்குள் 'என்' என்ற ஒரே எழுத்து. இந்த வடிவம் என்ஜின்எக்ஸ் என்ற சொல்லோடு பொருந்தும். ஆனால் கிரெப்பின் சொந்த வரியில் நடுவே அடைப்புக்குறி இருப்பதால் அதோடு பொருந்தாது.

கைவைத்தியம் வேண்டாம் என்றால், பிராசஸைத் தேடுவதற்கென்றே உள்ள பிகிரெப் போடுங்கள். 1998-இல் சோலாரிஸ் 7-இல் வந்தது, இன்று லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, மேக் எல்லாவற்றிலும் இருக்கிறது. தன்னைத்தானே காட்டாது. கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1 என்று முடிவு எண் தரும், ஸ்கிரிப்டில் அதை வைத்தே முடிவெடுக்கலாம். '-எக்ஸ்' சேர்த்தால் பெயர் முழுதாகப் பொருந்த வேண்டும். நான் எப்போதும் -எக்ஸ் போட்டுத்தான் தொடங்குவேன்.

ஓடுவது தெரியும், தேடினால் கிடைக்கவில்லை

முதலில், வெறும் 'பிஎஸ்' மட்டும் போட்டீர்களா? அது உங்கள் யூசருடைய, இந்த டெர்மினலில் கிளம்பிய பிராசஸ்களை மட்டுமே காட்டும். 'பிஎஸ் -இஎஃப்' அல்லது 'பிஎஸ் ஏயூஎக்ஸ்' போட்டால்தான் எல்லாம் வரும்.

அதிலும் இல்லையென்றால் பெயரின் நீளத்தைப் பாருங்கள். லினக்ஸ் கெர்னல் ஒரு பிராசஸின் பெயரை 15 எழுத்தோடு நிறுத்திக்கொள்ளும். உங்கள் மெஷினிலேயே பார்க்கலாம். நேரத்தைச் சரிசெய்யும் சிஸ்டம்டி-டைம்சின்க்டி என்ற சர்வீஸ் பெரும்பாலான உபுண்டு மெஷின்களில் இருக்கும். ஆங்கிலத்தில் எண்ணினால் 17 எழுத்து. 'பிஎஸ் -இ' போட்டால் கடைசி இரண்டு எழுத்து இல்லாமல் வெட்டப்பட்டு நிற்கும். அதன் முழுப் பெயரை பிகிரெப்பில் கொடுத்தால் ஒன்றும் கிடைக்காது. '-எஃப்' சேர்த்தால் பெயரை விட்டுவிட்டு முழுக் கட்டளை வரியிலும் தேடும், அப்போது கிடைக்கும்.

பைத்தான், ஜாவா புரோகிராம்களுக்கும் இதே மருந்து. 'கணக்கு.பை' ஓடுகிறது என்று நாம் நினைத்தாலும், கெர்னலுக்குத் தெரிந்த பெயர் பெரும்பாலும் பைத்தான்3 மட்டுமே. கணக்கு என்று தேடினால் எப்படி வரும்?

சில சர்வர்களில், பிராசஸ் விவரங்கள் இருக்கும் ப்ராக் அடைவை 'ஹைட்பிட்' என்ற தேர்வோடு ஏற்றியிருப்பார்கள். பல பேர் லாகின் செய்யும் வாடகை சர்வர்களில் இது சகஜம். அங்கே அடுத்தவர் பிராசஸ் உங்கள் கண்ணுக்கே படாது, ரூட் உரிமையில் ஓட்டும் 'சூடு' போட்டுத்தான் பார்க்க வேண்டும். டாக்கர் கன்டெய்னர் என்ற தனி அடைப்புக்குள் நின்றுகொண்டு வெளியே ஓடுவதைத் தேடினாலும் கிடைக்காது. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஓடுவது தெரியும், எண் மட்டும் வேறாக இருக்கும்.

கையால் ஓட்டினால் சரியாகச் சொல்கிறது, கிரானில் போட்டால் தப்பு

கிரான் என்பது குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டுவது. அதில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, செத்திருந்தால் கிளப்பிவிடும் வரி. பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்:

பிகிரெப் -எஃப் ரசீது || /ஆப்ட்/ரசீது/ஸ்டார்ட்

கையால் போட்டால் அருமையாக வேலை செய்யும். கிரானில் போட்டால் புரோகிராம் செத்து ஒரு நாள் ஆனாலும் கிளப்பாது. ஏன்?

கிரான் அந்த வரி முழுவதையும் 'எஸ்ஹெச் -சி' என்ற ஷெல்லுக்குக் கொடுத்து ஓட்டுகிறது. அந்த ஷெல்லின் கட்டளை வரியில் 'ரசீது' என்ற சொல் இருக்கிறது. பிகிரெப் தன்னைத்தான் விட்டுவிடும், தன்னை ஓட்டும் ஷெல்லை விடாது. ஆகவே ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று கிடைக்கிறது, "ஓடுகிறது" என்று முடிவாகிறது. சரி, அடைப்புக்குறி வைத்தியம் செய்தால்? பிகிரெப் -எஃப் '[ஆர்]...' என்று மாற்றினாலும் வரியின் பின்பாதியில் '/ஆப்ட்/ரசீது/ஸ்டார்ட்' என்று அதே சொல் அப்பட்டமாக நிற்கிறதே, அதில் பொருந்திவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆம்பூர் யூனிட்டில் ஒரு முழு சாயங்காலம் ஆயிற்று.

'-எஃப்' இல்லாமல் 'பிகிரெப் -எக்ஸ்' போட முடிந்தால் போடுங்கள். முடியாவிட்டால் கட்டளை வரியில் அந்த புரோகிராமுக்கு மட்டுமே உரிய ஒரு துண்டைத் தேடுங்கள், எடுத்துக்காட்டாக '--போர்ட் 9010'. ஸ்டார்ட் ஸ்கிரிப்ட்டின் பாதையில் அது வராது அல்லவா? அதற்கும் அடைப்புக்குறியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தே ஹைஃபன் என்பதால் அதைத் தேர்வு என்று எண்ணி பிகிரெப் குழம்பாமலிருக்கவும் அது உதவும்.

'சூடு பிகிரெப் -எஃப்' போட்டாலும் இதே கதைதான், அந்த சூடு பிராசஸ் கிடைத்துவிடும். கான்ஃபிக் ஃபைலை ஒருவர் விம்மில் திறந்து வைத்திருந்தாலும், லாகை 'டெய்ல்' போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அதுவும் கணக்கில் சேரும். -எஃப் போடும்போது '-ஏ' என்பதையும் சேருங்கள், எது பொருந்தியது என்று முழு வரியும் காட்டும்.

உண்மையைச் சொன்னால், இந்த வேலையை கிரானுக்குக் கொடுக்கவே வேண்டாம். ஒரு பிராசஸ் செத்தால் அதைப் பெற்ற பிராசஸுக்கு கெர்னலே சேதி சொல்லும். ஊரெல்லாம் தேடுவதைவிடப் பெற்றவளைக் கேட்பது சுலபம். சர்வீஸ்களைக் கிளப்பிக் கவனிக்கும் சிஸ்டம்டியில் ஒரு யூனிட், அதாவது அமைப்பு ஃபைல், எழுதி 'ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்' (முதல் ஆர் கேப்பிட்டல்) என்று வைத்தால், பெற்றவள் சிஸ்டம்டிதான். குழந்தை, பேரன் என்று கிளை விட்டு ஓடும் பிராசஸ்களையும் ஒரே குழுவாகக் கட்டி வைத்திருக்கும், ஒன்றும் தப்பாது. 'சிஸ்டம்சிடிஎல் இஸ்-ஆக்டிவ் ரசீது' என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் வரும்.

"ஆக்டிவ்" என்றுதான் வருகிறது, ஆனாலும் இல்லை

ஸ்டேட்டஸ் பார்த்தால் "ஆக்டிவ்" என்பதற்குப் பக்கத்தில் "எக்சிடட்" என்று இருக்கிறதா? ஒரு வேலையைச் செய்து முடித்துவிட்டுப் போன சர்வீஸ் அது. இப்போது அதில் ஒரு பிராசஸும் இல்லை. பழைய இனிட் ஸ்கிரிப்டை அப்படியே சிஸ்டம்டியில் ஓட்டினாலும், டைப்பை 'ஒன்ஷாட்' என்று வைத்து 'ரிமெயின்ஆஃப்டர்எக்சிட்' போட்டாலும் இப்படி வரும். "ரன்னிங்" என்ற சொல் இருந்தால்தான் பிராசஸ் இருக்கிறது.

எப்போது பார்த்தாலும் ஓடுகிறது, ஆனால் பிஐடி மாறிக்கொண்டே இருக்கிறது

செத்துச் செத்துப் பிழைக்கிறது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு முறையும் உண்மையிலேயே உயிரோடு இருக்கிறது. 'பிஎஸ் -பி எண் -ஓ பிஐடி,இடைம்' போட்டு எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று பாருங்கள். காலையில் கிளப்பியதற்கு இப்போது இரண்டு நொடி என்று காட்டினால் விஷயம் புரிந்துவிடும். 'சிஸ்டம்சிடிஎல் ஷோ -பி என்ரீஸ்டார்ட்ஸ் ரசீது' என்று கேட்டால் எத்தனை முறை மறுபடி கிளப்பியது என்ற எண்ணே வரும். இதில் என் மற்றும் ஆர் இரண்டும் கேப்பிட்டல்.

சிஸ்டம்டி தானாக நிறுத்தியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். இயல்பாக 10 நொடிக்குள் 5 முறைக்கு மேல் கிளம்பினால்தான் அது கைவிடும். செத்த பிறகு அடுத்த முறை கிளப்ப 100 மில்லிநொடி காத்திருக்கும். உங்கள் புரோகிராம் கிளம்பி, டேட்டாபேஸைத் தேடி, மூன்று நொடி கழித்துச் சாகிறது என்று வையுங்கள். 10 நொடியில் நான்கு முறைதான் கிளம்பும், வரம்பைத் தொடாது. ராத்திரி முழுக்க இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். 'ஜர்னல்சிடிஎல் -யூ ரசீது -என் 50' போட்டுச் சாவதற்கு முந்தைய வரிகளைப் படியுங்கள், காரணம் அங்கேதான் இருக்கும்.

லிஸ்டில் இருக்கிறது, அசையவே இல்லை

'பிஎஸ் -பி எண் -ஓ ஸ்டாட்,டபிள்யூசான்,ஆர்க்ஸ்'. ஸ்டாட் என்ற பத்தியின் முதல் எழுத்தைப் பாருங்கள். எஸ் என்றால் தூங்குகிறது, வேலை வந்தால் எழும், அதில் பிரச்சினை இல்லை. ஆர் என்றால் சிபியூவில் இருக்கிறது, அல்லது அதற்கு வரிசையில் நிற்கிறது.

இசட் என்றால் செத்துவிட்டது. ஆனால் அதைப் பெற்ற பிராசஸ் இன்னும் கணக்கு முடிக்கவில்லை, பதிவேட்டில் பெயர் மட்டும் கிடக்கிறது. பக்கத்தில் 'டிஃபங்க்ட்' என்றும் எழுதியிருக்கும். பிகிரெப்பும் 'கில் -0'-வும் இதையும் உயிரோடு இருப்பதாகவே எண்ணும், அதனால் ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் இதை மறக்கக் கூடாது. செத்ததை மறுபடி கொல்ல முடியாது. பெற்ற பிராசஸை ரீஸ்டார்ட் செய்தால் இது தானாகப் போய்விடும்.

டி என்பது எங்கள் ஆம்பூர் யூனிட்டில் அடிக்கடி வருவது. டிசைன் ஃபைல்கள் எல்லாம் என்எஃப்எஸ் வழியாக ஒரு நாஸ் பெட்டியில், அதாவது நெட்வொர்க்கில் உள்ள ஸ்டோரேஜில், இருக்கின்றன. அந்தப் பெட்டியின் ஒயரை யாராவது தட்டிவிட்டால் போதும், ஃபைலைப் படிக்கப் போன பிராசஸ் அப்படியே டி நிலையில் உறைந்துவிடும். கெர்னலுக்குள் பதிலுக்காகக் காத்திருக்கிறது, 'கில் -9' கூடப் பல நேரம் உடனே எடுபடாது. இன்னொரு அடையாளம், லோடு ஆவரேஜ் 12, 15 என்று ஏறியிருக்கும், சிபியூ சும்மா இருக்கும். டி நிலையில் இருப்பவற்றையும் லினக்ஸ் லோடில் சேர்த்து எண்ணுகிறது. பிராசஸோடு மல்லுக்கட்டாமல் ஒயரைப் பாருங்கள்.

கேப்பிட்டல் டி-யில் இரண்டு வகை குழப்பம் உண்டு. மேலே சொன்னது ஆங்கிலத்தின் நான்காவது எழுத்து. இருபதாவது எழுத்தான இன்னொரு டி வந்தால், நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும், செய்ததைத் திருப்புவதாக நினைத்து டெர்மினலில் யாரோ கன்ட்ரோல்-இசட் அழுத்தியிருப்பார்கள். அதே டெர்மினலில் 'எஃப்ஜி', இல்லையென்றால் 'கில் -கான்ட்' போட்டால் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

எழுத்தெல்லாம் சரியாக இருந்தும் பதில் வரவில்லையா? 'சூடு எஸ்எஸ் -எல்டிஎன்பி' (இதில் டி ஆங்கிலத்தின் இருபதாவது எழுத்து, பி பதினாறாவது) போட்டு, அந்த போர்ட்டில் காது கொடுத்துக்கொண்டிருப்பது நம் பிராசஸ்தானா என்று பாருங்கள். 127.0.0.1-இல், அதாவது தன் மெஷினுக்குள் மட்டும், கேட்டுக்கொண்டிருந்தால் பக்கத்து மெஷினிலிருந்து கூப்பிட்டாலும் அதற்குக் கேட்காது.

ராத்திரி ஓடியது, காலையில் இல்லை, லாகில் ஒரு வரிகூட இல்லை

பிழை வந்து செத்திருந்தால் ஏதாவது எழுதிவிட்டுச் சாகும். ஒன்றுமே எழுதவில்லை என்றால் சிக்னல் 9 வாங்கியிருக்கலாம். அதைப் பிடிக்கவோ தடுக்கவோ எந்த புரோகிராமாலும் முடியாது, கடைசி வார்த்தை எழுதவும் நேரம் கிடைக்காது. ஷெல்லிலிருந்து ஓட்டியிருந்தால் முடிவு எண் 137 என்று வரும், அதாவது 128-உடன் 9.

யாரும் கொல்லவில்லை என்றால் கெர்னலே கொன்றிருக்கும், மெமரி தீர்ந்ததால். 'சூடு டிமெசேஜ் -கேப்பிட்டல் டி' என்று போட்டு (டிமெசேஜ் என்பதை டி, எம், இ, எஸ், ஜி என்று ஐந்தெழுத்தாக டைப் செய்யுங்கள், அதன் முதல் எழுத்து ஆங்கிலத்தின் நான்காவது, கேப்பிட்டல் டி இருபதாவது) 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரியைத் தேடுங்கள். எந்தப் பிராசஸைக் கொன்றது, அது எவ்வளவு மெமரி வைத்திருந்தது என்று அங்கே இருக்கும். நடுவில் ரீபூட் ஆகியிருந்தால் அது போய்விட்டிருக்கும், அப்போது 'ஜர்னல்சிடிஎல் -கே -பி -1' (இந்த பி ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்து). ஸ்கேன் சென்டரில் இப்படித்தான் ஆயிற்று. கொல்லப்பட்டது ரிப்போர்ட் சர்வர். ஆனால் மெமரியைத் தின்றது ராத்திரி இரண்டு மணிக்கு ஓடும் பேக்கப். ரிப்போர்ட் சர்வர் அதிகம் வைத்திருந்ததால் பலி அதன் தலையில் விழுந்தது. பேக்கப் யூனிட்டில் 'மெமரிமேக்ஸ்=1ஜி' என்று ஒரு வரி சேர்த்தேன் (இரண்டு சொல்லின் முதல் எம்-மும் கடைசி ஜி-யும் கேப்பிட்டல்).